குறைந்த செலவில் சண்டைப் படம்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

சண்டைப் படம் எடுக்கப் போகிறோம் என்றதும் பலர் முதலில் விசாரிப்பது கேமரா வாடகையை. அது கடைசியில் விசாரிக்க வேண்டிய விஷயம். ஷூட்டிங்கில் ஒரு நாள் கூடினால் சாப்பாடு, வண்டி, வாடகை, பேட்டா எல்லாம் கூடும். ஒத்திகையில் ஒரு நாள் கூடினால் கூடுவது டீச்செலவு மட்டும்தான். கையில் பணம் இல்லாதவர் ஒத்திகையில் தாராளமாகவும் ஷூட்டிங்கில் கஞ்சத்தனமாகவும் இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான்.

இதற்குப் பாடமாக வைத்துக்கொள்ள ஒரு படம் இருக்கிறது: 2011-இல் வெளிவந்த இந்தோனேசியப் படம் ‘தி ரெய்ட்’. இயக்குநர் கேரத் எவன்ஸ் வேல்ஸ்காரர். பென்சாக் சிலாட் என்ற தற்காப்புக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில், ஒரு சிலாட் பள்ளியில் இக்கோ உவைஸைக் கண்டுபிடித்தார். உவைஸ் அப்போது தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து 2009-இல் ‘மெரன்தாவ்’ எடுத்தார்கள். அடுத்து எவன்ஸ் எழுதி வைத்திருந்தது சிறையும் கும்பல்களும் கொண்ட பெரிய கதை. அதற்குப் பணம் திரளவில்லை. அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கிடைக்கிற பணத்துக்கு ஏற்ற கதையை எழுதினார்: ஒரே அடுக்குமாடிக் கட்டடம், உள்ளே மாட்டிக்கொண்ட போலீஸ் படை, மேல்தளத்தில் தாதா. செலவு சுமார் 11 லட்சம் டாலர். டொரன்டோ திரைப்பட விழாவின் நள்ளிரவுப் பிரிவில் பார்வையாளர் விருது வாங்கியது. மூட்டை கட்டிய கதை 2014-இல் இரண்டாம் பாகமாக வந்தது. அந்த 11 லட்சம் டாலர்கூட நமக்குப் பெரிய தொகைதான். ஆனால் அவர்கள் செய்தவற்றில் பாதிக்குப் பணமே தேவையில்லை.

கதைக்கு முன் ஒரு பட்டியல்

ஒரு தாளை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள். உண்மையாகவே சண்டை தெரிந்த நண்பர்கள் யார், யாருக்கு எந்தக் கலை? காசில்லாமலோ கொஞ்சக் காசிலோ தொடர்ந்து மூன்று நாளாவது கிடைக்கும் இடம் எது? அங்கே எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது? கதை இந்தத் தாளிலிருந்து பிறக்கட்டும். கதையை முதலில் எழுதிவிட்டு இடம் தேடப் போனால் கடைசியில் யாரோ ஒருவருடைய மொட்டை மாடியில்தான் போய் நிற்பீர்கள்.

இடமும் கலையும் பொருந்த வேண்டும். சிலம்பம் தெரிந்தவரைக் குறுகலான வராண்டாவில் நிறுத்தினால் கம்பைச் சுற்றவே முடியாது. ஆள் உயரக் கம்புக்குச் சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம் வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி இருக்கக் கூடாது. அவருக்குக் களத்துமேடு, பழைய அரிசி ஆலையின் முற்றம் போன்றவை பொருத்தம். குத்துவரிசை, அடிமுறை போன்ற கைச்சண்டைக் கலை தெரிந்தவருக்கு வராண்டாவும் மாடிப்படியும் வரப்பிரசாதம். சுவர் நெருக்கும்போது எதிராளிகள் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். “பத்துப் பேர் சூழ்ந்து நின்றும் ஏன் வரிசையில் வந்து அடி வாங்குகிறார்கள்?” என்று பார்வையாளர் கேட்கும் கேள்விக்குக் குறுகலான இடமே பதில் சொல்லிவிடும்.

அடுத்து வரும் கேள்வி, “துப்பாக்கி எடுத்துச் சுட்டுவிட்டுப் போகலாமே?” இதற்கு விடை சொல்லாத சண்டைப் படம் முதல் ரீலிலேயே தோற்றுவிடும். ‘தி ரெய்ட்’ இதைக் கையாளும் விதம் அழகு. துப்பாக்கியில் தொடங்கி, குண்டு தீர்ந்து, வெட்டுக்கத்தியும் சிறு கத்தியுமாக இறங்கி, கடைசியில் வெறுங்கையில் முடிகிறது. யாயன் ருஹியான் நடித்த ‘மேட் டாக்’ என்ற அடியாள் கையில் துப்பாக்கி இருந்தும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு அடித்துக்கொள்ள வருவான். அதில்தான் அவனுக்கு ருசி. ஒரே காட்சியில் கேள்விக்கும் பதில் கிடைத்தது, வில்லனுக்கும் குணம் கிடைத்தது. உங்கள் கதையில் காரணம் எளிமையாக இருந்தால் போதும்: சத்தம் கேட்கக் கூடாது, ஆளை உயிரோடு பிடிக்க வேண்டும், இது அண்ணன் தம்பித் தகராறு. ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு 12 முதல் 15 நிமிடப் படம், அதில் இரண்டு சண்டை. ஒன்று சிறியது, ஒரு நிமிடம். மற்றது இரண்டரை நிமிடம். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

யாரை எடுப்பது

நடிக்கத் தெரிந்தவருக்குச் சண்டை சொல்லிக்கொடுப்பதா, சண்டை தெரிந்தவருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுப்பதா? இந்த வகைப் படத்துக்கு இரண்டாவதுதான் சுலபம். வசனத்தைக் குறைத்து முகத்தை நம்பினால் ஒப்பேற்றிவிடலாம். உதைக்கத் தெரியாத காலை எடிட்டிங்கில் காப்பாற்றுவது கஷ்டம்.

ஒவ்வொருவருக்கும் கைவந்த கலையையே கொடுங்கள். ஜோ தாஸ்லிம் இந்தோனேசிய தேசிய ஜூடோ அணியில் இருந்தவர். அதனால் ‘தி ரெய்ட்’ படத்தில் அவர் பிடித்துத் தூக்கி வீசுவார்; அவருக்கு எதிரே ருஹியான் சிலாட்டில் பாய்வார். இரண்டு கலை மோதும்போது சண்டைக்குத் தானாகவே ஒரு கதை வந்துவிடுகிறது.

பலர் மறப்பது அடி வாங்குபவரை. அடி நிஜமாகத் தெரிவது அடிக்கிறவர் கையால் அல்ல, வாங்குகிறவர் கழுத்தால். தலை, தோள், இடுப்பு என்று அலை போல ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி விழத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால், சட்டையையும் தலைமுடியையும் மாற்றி ஆறு பேராகக் காட்டிவிடலாம். விழத் தெரிந்தவர்கள் ஜூடோ, மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புகளில் கிடைப்பார்கள்.

சண்டையைக் கோர்ப்பது

6 முதல் 8 அசைவுகளை ஒரு துண்டாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். புதியவர் ஒரே மூச்சில் தப்பில்லாமல் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடியது அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் ஒரு நிலையில் போய் நிற்க வேண்டும்: பிடி, விழல், சுவரில் மோதல், இருவரும் விலகி மூச்சு வாங்கல். வெட்டி அடுத்த ஷாட்டுக்குப் போவது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு துண்டும் ஏதாவது ஒன்றை மாற்றவும் வேண்டும். கத்தி கைமாறியது, கால் நொண்டுகிறது, கதவு பூட்டிக்கொண்டது என்று ஏதோ ஒன்று. ஒன்றும் மாறாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். பார்க்கிறவருக்கு மூன்றாவது உதையும் ஏழாவது உதையும் ஒன்றுதான்.

நேர்க்குத்தைவிட வளைத்து வரும் குத்து கேமராவுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது முகத்தைக் குறுக்கே கடந்து போகிறது. அசைவுகளை இயல்பைவிடக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். நல்ல குத்துச்சண்டைக்காரரின் குத்து கண்ணுக்கே தெரியாது; அது களத்தில் பலம், திரையில் நஷ்டம்.

ஒத்திகையில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் கால்வாசி வேகம், அது பத்து முறை தப்பில்லாமல் வந்தால் அரை வேகம், பிறகு முக்கால். ஷூட்டிங்கில் சுமார் 80 சதவீத வேகம் போதும். முழு வேகத்தில் டைமிங் தப்பும், மூக்கு உடையும். மீதி வேகத்தை எடிட்டிங்கும் சத்தமும் கொடுத்துவிடும்.

ஃபோனில் முழுச் சண்டையையும் எடுத்துப் பாருங்கள்

பணம் மிச்சமாகும் இடம் இதுதான். இதைச் செய்யாமல் ஸ்பாட்டுக்குப் போக வேண்டாம். எவன்ஸ், உவைஸ், ருஹியான் மூவரும் ‘தி ரெய்ட்’ சண்டைகளை முன்கூட்டியே சாதாரண வீடியோ கேமராவில் ஷாட் ஷாட்டாக எடுத்து, எடிட் செய்து பார்த்த பிறகுதான் ஸ்பாட்டுக்குப் போனார்கள்.

கல்யாண மண்டபமோ பள்ளி ஹாலோ ஒரு பகல் கிடைத்தால் போதும். ஸ்பாட்டின் அளவை டேப்பால் தரையில் ஒட்டுங்கள். அட்டைப் பெட்டிதான் சுவர், பிளாஸ்டிக் நாற்காலிதான் மாடிப்படி. ஒவ்வொரு ஷாட்டையும் நீங்கள் நினைக்கும் கோணத்திலேயே, நினைக்கும் நீளத்துக்கே எடுங்கள். அன்றிரவே எடிட் செய்து, தற்காலிகமாக ‘டப் டப்’ சத்தம் போட்டுப் பாருங்கள். எந்த அடி தெரியவில்லை, எங்கே இடவலம் குழம்புகிறது, எங்கே அலுப்புத் தட்டுகிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். திருத்தி மறுபடி எடுங்கள். மூன்றாவது சுற்றில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றின் படத்தையும் ஒரு தாளில் அச்சிட்டு ஸ்பாட்டில் ஒட்டுங்கள். எடுத்து முடித்ததைக் கோடு போட்டு அடியுங்கள். உதவி இயக்குநர் வேலையில் பாதியை அந்தத் தாளே பார்த்துக்கொள்ளும்.

நாள் கணக்கு

சண்டையில் ஒரு ஷாட் சராசரியாக 2 விநாடி ஓடும் என்று வையுங்கள். இரண்டரை நிமிடம் என்றால் 75 ஷாட். ஒரு கேமரா, எட்டுப் பேர் குழு, முன்கூட்டியே எடுத்த வீடியோ எல்லாம் இருந்தால் ஒரு நாளில் 25 ஷாட் எடுக்கலாம், மூன்று நாள். வீடியோ இல்லாமல் ஸ்பாட்டில் யோசித்தால் 10 ஷாட் தாண்டாது. மேலே சொன்ன கஞ்சத்தனம் எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

கதை வரிசையில் எடுக்காதீர்கள். கேமரா வடக்கே பார்க்கும் ஷாட் எல்லாவற்றையும் முடித்துவிட்டு லைட்டைத் திருப்புங்கள். ஆனால் இரத்தம், கிழிசல், வியர்வை மூன்றும் வரிசையில்தான் வளரும். அதனால் நாயகனுக்கு ஒரே சட்டையில் குறைந்தது நான்கு வேண்டும்: ஒன்று சுத்தமானது, ஒன்று அழுக்கானது, ஒன்று கிழிந்தது, ஒன்று உபரி. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் முகத்தையும் கைகளையும் ஃபோனில் படம் எடுத்து வைக்காவிட்டால் நெற்றிக் காயம் இடது வலதாகத் துள்ளும்.

கடினமான விழலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ நாள் முடிவிலோ வைக்காதீர்கள். உடம்பு சூடேறி, களைப்பு வராத நேரம் காலை 9 முதல் 12 வரை.

பாதுகாப்பு

முழங்கால், முழங்கை, கீழ்க்கால் பேட் எல்லோருக்கும் வேண்டும். விளையாட்டுப் பொருள் கடையில் விற்கும் வாலிபால் பேட் மெலிதாக இருக்கும், பேன்ட்டுக்குள் மறையும். அதனால்தான் நாயகனுக்கு அரைக்கை பனியன் என்று ஆடையமைப்பவர் ஆசைப்பட்டால் யோசிக்க வேண்டும். முழுக்கைச் சட்டை பேடை மறைக்கும். விழும் இடத்தில் மேட் போட்டு, கேமராவில் அது தெரியாதபடி ஃபிரேமை வெட்டுங்கள். தரையில் உள்ள ஆணி, கல், கண்ணாடித் துண்டைக் காலையில் ஒருவர் முட்டி போட்டுத் தேடி எடுக்க வேண்டும்.

மேசை உயரத்துக்கு மேலிருந்து விழுவது, ரோப் வேலை, நெருப்பு, ஓடும் வண்டி என்றால் அனுபவமுள்ள ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாமல் தொடவே கூடாது. “ஒரே ஒரு டேக்தான்” என்பது சாக்கு அல்ல. அந்த ஷாட்டைத் துண்டாக்கிவிடலாம். விளிம்பில் தடுமாறுவது ஒன்று, மேலிருந்து பார்க்கும் முகம் ஒன்று, கீழே விரித்த மேட் மீது முக்கால் அடி உயரத்திலிருந்து விழுவது ஒன்று. மூன்றையும் சேர்த்தால் மாடியிலிருந்து விழுந்ததாகத் தெரியும்.

“கட்” சொல்லும் உரிமை இயக்குநருக்கு மட்டும் அல்ல, டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோருக்கும் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், தலைச்சுற்றல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் அன்றைய வேலை முடிந்தது, நேரே ஆஸ்பத்திரி. ஐஸும் முதலுதவிப் பெட்டியும் ஸ்பாட்டில் இருக்க வேண்டும். பொது இடம் என்றால் அனுமதி வாங்குங்கள். பொம்மைத் துப்பாக்கியோ அரிவாளோ இருந்தால் காவல் நிலையத்தில் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் 100-க்குப் போன் போடுவார்.

இரத்தம், கண்ணாடி, தூசி

இரத்தத்துக்கு ஒரு கப் லிக்விட் குளுகோஸ் (பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும்), கால் கப் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சிவப்பு உணவு நிறம், அரை டீஸ்பூன் கோகோ பவுடர், ஒரு சொட்டு நீல நிறம். கோகோவும் நீலமும் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி தெரியும். வாயில் வைத்தாலும் ஆபத்தில்லை. ஆனால் இனிப்பு என்பதால் அரை மணி நேரத்தில் எறும்பு மொய்க்கும். தரையில் ‘பிணமாக’ படுத்திருப்பவர் நெளிவார். படுக்கும் ஷாட்டைக் கடைசி நிமிடத்தில் ஊற்றி எடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் பட்டால் கறை போகாது என்பதை வீட்டுக்காரர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. உகாண்டாவின் வகலிகாவில் இயக்குநர் நப்வானாவின் குழு மிகச் சொற்பப் பணத்தில் ‘ஹூ கில்டு கேப்டன் அலெக்ஸ்?’ என்ற சண்டைப் படத்தை எடுத்தது. ஆரம்ப நாட்களில் அவர்கள் மாட்டு இரத்தம் பயன்படுத்தினார்கள். நடித்தவர் ஒருவருக்கு நோய் வந்த பிறகு உணவு நிறத்துக்கு மாறினார்கள். நிஜ இரத்தம் என்ற பேச்சே வேண்டாம்.

உடைக்கும் கண்ணாடிக்கு மூன்றரை கப் சர்க்கரை, ஒரு கப் லிக்விட் குளுகோஸ், இரண்டு கப் தண்ணீர். 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் முயல வேண்டாம்: 140-இல் இறக்கினால் வளையும், 160 தாண்டினால் பழுப்பேறும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே பிசுபிசுக்கும், அதனால் எடுக்கும் நாளன்று காலையில் செய்யுங்கள். இதன் ஓரமும் கீறும். முகத்துக்கு நேரே உடைக்கக் கூடாது.

தோளிலும் முதுகிலும் கொஞ்சம் முல்தானி மட்டி தட்டிவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் தூசி பறந்து அடியின் கனம் கூடும். பின்னாலிருந்து லைட் விழ வேண்டும், இல்லாவிட்டால் தூசி தெரியாது. சிமென்ட், சுண்ணாம்புத் தூள் கண்ணைக் கெடுக்கும். துப்பாக்கிக்கு நிஜ வெடி தேவையில்லை. ‘தி ரெய்ட்’ படத்தில் ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கிகள்தான். குழல் வாயில் தெறிக்கும் நெருப்பும் சிதறும் தோட்டாக் கூடும் கணினியில் சேர்த்தவை.

கேமரா

அடிக்கும் கையும் அடி வாங்கும் முகமும் கேமராவுக்கு ஒரே கோட்டில் வர வேண்டும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ நில்லுங்கள். கைக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி இருந்தாலும் தெரியாது. பக்கவாட்டில் நின்றால் அந்த ஜாண் அப்பட்டமாகத் தெரியும். 85 மி.மீ. போன்ற நீள லென்ஸ் இடைவெளியை இன்னும் ஒடுக்கும். உதை, தூக்கி வீசுதல், காலடி ஆகியவற்றுக்கு 24 அல்லது 35 மி.மீ., தலை முதல் பாதம் வரை. ஆட்களுக்குச் சண்டை தெரியும் என்றால் அதைக் காட்டுங்கள். குலுங்கும் குளோசப்பில் ஒளிப்பது தெரியாதவர்களுக்கான வித்தை.

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒரு ஃபிரேம் பதியும் நேரம்) 1/100 விநாடி. வழக்கமான 1/50-இல் கை மங்கலாக இழுபடும். 1/100-இல் ஒவ்வொரு அசைவும் கூர்மையாகத் தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த இரண்டிலும் டியூப்லைட் துடிக்காது. 1/80, 1/120 வைத்தால் பட்டை ஓடும். ஷட்டர் கூடினால் வெளிச்சம் பாதியாகும், அதற்கேற்ப லைட் வேண்டும். ஃபோனில் எடுத்தால் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் பூட்டக்கூடிய செயலி கட்டாயம்.

ஒவ்வொரு ஷாட்டையும் முந்தைய ஷாட்டின் கடைசி இரண்டு அசைவுகளிலிருந்து தொடங்குங்கள். வெட்டுவதற்கு இடம் கிடைப்பது அந்த இரண்டு அசைவுகளில்தான்.

எடிட்டிங், சத்தம்

அடி படும் நொடியில் வெட்டுங்கள். பட்ட பிறகு வெட்டினால் சப்பென்று போகும். கை முகத்தை நெருங்கும்போது ஓரிரு ஃபிரேம்களைத் தூக்கிவிட்டால் வேகம் கூடும். பெரிய அடி ஒன்றுக்கு மட்டும் ஹாங்காங் பாணியில், அடுத்த கோணத்தில் மூன்று நான்கு ஃபிரேம்களைத் திரும்பக் காட்டலாம். மெதுவாக வந்த ஷாட்டை இயல்பு வேகத்தின் 105 முதல் 110 சதவீதம் வரை ஏற்றலாம். அதைத் தாண்டினால் தலைமுடியும் சட்டை நுனியும் காட்டிக்கொடுத்துவிடும், மௌனப் பட நகைச்சுவை ஆகிவிடும்.

சத்தத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு அடிக்கும் மூன்று அடுக்கு. முதலில் காற்றைக் கிழிக்கும் ஓசை: மெல்லிய மூங்கில் குச்சியை மைக்கிலிருந்து ஓரடி தள்ளி வீசிப் பதியலாம். அடுத்து மோதல்: ஈரத் துண்டைச் சிமென்ட் தரையில் அறைந்தால் முகத்தில் விழும் அடி, பூசணிக்காயைக் குத்தினால் வயிற்றில் விழும் அடி, கேரட்டையும் முருங்கைக்காயையும் சேர்த்து ஒடித்தால் எலும்பு. மூன்றாவது துணி உரசலும் மூச்சும். இது நடிகர்களை மைக் முன் நிறுத்திப் பதிய வேண்டியது. இணையத்தில் கிடைக்கும் ஒரே ‘டிஷ்யும்’ கோப்பை நாற்பது முறை ஒட்டினால் காது மூன்றாவது முறையிலேயே கண்டுபிடித்துவிடும். இசை சண்டை முழுக்க அலற வேண்டாம். கடைசி அடிக்கு முன் கால் விநாடி எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள், அந்த அடியின் கனமே வேறு.

கோப்புகள்

விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 4கே பதிவு மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். தினமும் இரவு இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வைத்த பிறகே கார்டை அழியுங்கள். முடிந்த படத்தின் மூலக் கோப்பும் அப்படியே இருக்க வேண்டும். ‘கேப்டன் அலெக்ஸ்’ குழு அடுத்த படத்துக்குக் கணினியில் இடம் வேண்டும் என்று மூலத்தை அழித்துவிட்டது. படம் உலகம் முழுக்கப் பரவிய பிறகு கையில் மிஞ்சியது தரம் குறைந்த டிவிடி பிரதிதான். விழாக்களுக்கு அனுப்ப வசனமும் சத்தமும் தனித்தனி டிராக்காக, எழுத்து பொறிக்காத ஒரு பிரதியும் தனி சப்டைட்டில் கோப்பும் எடுத்து வையுங்கள். இன்னொரு மொழியில் யாராவது கேட்டால் திரும்ப மிக்ஸிங்குக்குப் போகாமல் அன்றே கொடுத்துவிடலாம்.